தொட்டியில் பாசி, கடலில் ஓரா

இலங்கையின் கிழக்குக் கரையில் வாகரையிலிருந்து தெற்கே வந்தால், கல்குடாவின் பக்கத்தில் இருப்பது பாசிக்குடா. பாசி படர்ந்த குடா என்பதால் வந்த பெயர். அந்தப் பெயரை வைத்தவர்கள் பாசியைத் தொல்லையாக நினைத்திருக்க மாட்டார்கள். பாசி உள்ள இடத்துக்கு ஓரா மீன் மேய வரும். ஓரா வருகிற இடத்தில் வலை போட்டால் அன்றைய கறிக்குக் குறைவில்லை. காத்தான்குடி, ஏறாவூர்ப் பக்கம் நோன்பு பிறந்தால் கடற்பாசி காய்ச்சி ஆறவைத்துத் துண்டு போடாத வீடுகள் குறைவு. கடலோரத்தில் பிறந்தவர்களுக்குப் பாசி என்றால் மீனின் தீனி, மனிதரின் இனிப்பு.

அதே பாசி ஒரு மூன்றடிக் கண்ணாடித் தொட்டிக்குள் வந்துவிட்டால் கதை வேறு. உப்புத்தண்ணீர்த் தொட்டி தொடங்கிய மூன்றாம் மாதம் கல்லெல்லாம் பச்சை மயிர் முளைத்தது போலாகும். ஆறாம் மாதம் அது முருகைக்கல்லின் மேல் ஏறி அதன் வெளிச்சத்தை மறைக்கும். ஒரு வருடத்துக்குள் தொட்டியை வெறுத்து, வந்த விலைக்கு விற்றுவிட்டவர்களை எனக்குத் தெரியும். கொழும்பிலும் சென்னையிலும் ரொறன்ரோவிலும் தொட்டி வைத்திருப்பவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: எதைப் போட்டால் பாசி சாகும்?

அந்தக் கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும் என்பதே என் கருத்து. பாசி எதைத் தின்று வளர்கிறது? அதை யார் தின்ன வேண்டும்? தின்பவரை எங்கிருந்து பிடித்து வருகிறோம்? மூன்றையும் சேர்த்துக் கேட்டால்தான் விடை பிடிபடும். மூன்றாவது கேள்வி நேராக எங்கள் வாகரைக் கடலில் வந்து நிற்கிறது.

முதலில் பாசி என்று எதைச் சொல்கிறோம் என்பதைப் பார்ப்போம். கண்ணாடியில் படியும் மண்ணிறப் பூச்சு இங்கே பேச்சல்ல. கையால் பிடித்து இழுக்கக்கூடிய அளவுக்கு வளரும் கடற்பாசிகளே இக்கட்டுரைக்கு உரியவை. பச்சையில் இறகு போலவும் திராட்சைக் குலை போலவும் தரையில் ஓடும் கோலெர்பா, சுண்ணாம்புச் சில்லுகளைக் கோத்தது போன்ற ஹலிமெடா, கண்ணாடிக் கோலி போன்ற வலோனியா, மெல்லிய பச்சை இறகான பிரயோப்சிஸ், சிக்கு விழுந்த நூலுருண்டை போன்ற கீட்டோமோர்ஃபா. பழுப்பில் நாடா நாடாவாகக் கிளைக்கும் டிக்டியோட்டா, விசிறி போன்ற பாடைனா. சிவப்பில் கிராசிலாரியா. விஞ்ஞானப் பெயர்கள் வாயில் நுழையாதவர்கள் இராமநாதபுரத்துக் கரையில் பாசி எடுக்கும் பெண்கள் வைத்த பெயர்களைப் பார்க்கலாம்: கஞ்சிப்பாசி, மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரை, பக்கோடாப் பாசி. உருவத்தையும் பயனையும் பார்த்த கண் அந்தப் பெயர்களில் தெரிகிறது.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவான குணம் ஒன்று உண்டு. பாசிக்கு வேர் கிடையாது. கல்லைப் பற்றிப் பிடிக்கும் அடிப்பகுதி பெரும்பாலும் வெறும் பிடிமானம்தான்; உணவை உறிஞ்சுவது உடம்பு முழுவதும். செடி மண்ணைத் தின்கிறது என்றால் பாசி தண்ணீரைத் தின்கிறது. ஆகவே தொட்டியில் பாசி மண்டினால் கல்லைக் குறை சொல்லிப் பயனில்லை. தண்ணீரைத்தான் விசாரிக்க வேண்டும்.

இதை நான் படித்துக் கற்கவில்லை, கெட்டுக் கற்றேன். என் முதல் தொட்டிக்குக் கடல்நீரை அள்ளி வந்து ஊற்றினேன், அதில் பிழையில்லை. ஆவியாகிக் குறைந்த தண்ணீரை ஈடுகட்ட, வீட்டுக்குப் பின்னால் மிளகாய்த் தோட்டத்தை ஒட்டிய கிணற்றிலிருந்து தினமும் ஒரு செம்பு ஊற்றி வந்தேன். தண்ணீர் கண்ணாடி போல இருந்தது, குடிக்கவும் நன்றாக இருந்தது. தோட்டத்துக்கு இட்ட யூரியா மணலுக்குள் இறங்கி, நைட்ரேட்டாகிக் கிணற்றில் ஊறிக்கொண்டிருந்ததை நான் நினைக்கவில்லை. தொட்டியில் ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும். அதில் கரைந்திருப்பது உள்ளேயே தங்கிவிடும். ஒவ்வொரு செம்பும் முந்தைய செம்பின் மேல் ஏறி உட்கார்ந்தது. நாற்பது நாளில் கல்லைக் காணோம், பச்சை மயிர்தான். கடைக்காரர் சொன்ன மருந்தை வாங்கி ஊற்றிய பிறகு பாசி செத்தது, அழுகியது, ஒரு விடியற்காலையில் மீன்களும் மேலே மிதந்தன. மீன்களைக் கொன்றது மருந்தைவிட அழுகல்தான் என்பது பிறகுதான் விளங்கியது. செத்த பாசியைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் இரவோடு இரவாகத் தண்ணீரின் ஒட்சிசனைக் குடித்துவிட்டன.

கணக்குப் போட்டுப் பார்த்தால் எல்லாம் தெளிவாகும். இருநூறு லீற்றர்த் தொட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். தினமும் ஒரு கிராம் உலர்ந்த மீன்தீனி போடுகிறோம். தீனியில் ஏறத்தாழ 45 வீதம் புரதம். புரதத்தில் 16 வீதம் நைதரசன். ஆக ஒரு கிராம் தீனியில் 0.07 கிராம் நைதரசன், மாதத்துக்கு இரண்டு கிராமுக்கு மேல். மீன் தன் உடம்பில் சேர்ப்பது அதில் கால்பங்கு அளவுதான். மீதி ஒன்றரைக் கிராம் மூத்திரமாகவும் எச்சமாகவும் தின்னாத தீனியாகவும் தண்ணீருக்கு வருகிறது. அது எங்கேயாவது போயாக வேண்டும். தண்ணீரை மாற்றினால் அதோடு போகும். நுரை பிரிக்கும் கருவி இருந்தால் ஒரு பங்கு நுரையோடு போகும். கல்லின் உள்துளைகளில் ஒட்சிசன் எட்டாத இடத்தில் வாழும் பக்டீரியா ஒரு பங்கை வாயுவாக்கி அனுப்பிவிடும். இவை மூன்றும் கொண்டுபோனது போக மிஞ்சியதுதான் பாசியாக நிற்கிறது. அது செலவு எழுதாத வரவு. வரவைக் குறைக்காமல், செலவை எழுதாமல், மீதியின் மேல் மட்டும் கோபப்பட்டு என்ன பயன்?

இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டால் இன்னொன்றும் தெரிகிறது. நனைந்த பாசியில் பத்தில் ஒரு பங்குதான் உலர் எடை, அதில் இரண்டு, மூன்று வீதம் நைதரசன். அப்படியானால் நூறு கிராம் ஈரப்பாசியைப் பிடுங்கி வெளியே போட்டால் கால் கிராம் நைதரசன் தொட்டியை விட்டுப் போகிறது. இருநூறு லீற்றரில் லீற்றருக்கு 10 மில்லிகிராம் நைட்ரேட் இருந்தால், அதிலுள்ள மொத்த நைதரசனே அரைக் கிராமுக்குக் கீழ்தான். ஒரு சுண்டுப் பாசி செய்கிற வேலை அது. கொல்வதற்கும் அறுப்பதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான். கொன்றால் அது தின்றதெல்லாம் தண்ணீருக்கே திரும்பும். அறுத்து வெளியே எடுத்தால் தின்றதையும் சேர்த்து எடுக்கிறோம். வேளாண்மை செய்கிற ஊரில் இதை விளக்க வேண்டியதில்லை: களையை வயலுக்குள்ளேயே போட்டு அழுகவிட்டால் அது மறுபடி எருவாகும், வரப்பில் போட்டால்தான் வயலை விட்டுப் போனதாகக் கணக்கு.

ஆனால் அறுவடை மட்டும் போதும் என்று நினைத்து ஏமாந்தவர்களும் உண்டு. அதற்குக் காரணம் பொஸ்பேட். கடலில் மிதக்கும் நுண்ணுயிர்களில் கரிமம், நைதரசன், பொஸ்பரஸ் மூன்றும் அணுக்கணக்கில் 106க்கு 16க்கு 1 என்று நிற்பதை ஆய்வாளர் அல்பிரட் ரெட்பீல்ட் காட்டினார். கல்லைப் பிடித்து வளரும் பாசிகளும் கடற்புற்களும் வேறுவிதம் என்பதை ஆய்வாளர்கள் அட்கின்சனும் ஸ்மித்தும் 1983இல் காட்டினார்கள்: நடுநிலையாக 550க்கு 30க்கு 1. அதாவது முப்பது பங்கு நைதரசனைத் தின்கிற பாசி ஒரு பங்கு பொஸ்பரஸ்தான் எடுக்கிறது. மீன்தீனியிலோ பதினாறுக்கு ஒன்று அளவில் வருகிறது. ஆகவே பாசியை மட்டும் நம்பினால் நைட்ரேட் தீர்ந்துபோகும், பொஸ்பேட் மிஞ்சிக்கொண்டே போகும். ஒரு கிராம் தீனியிலுள்ள பொஸ்பரஸ் முழுவதும் இருநூறு லீற்றரில் கரைந்தால் பொஸ்பேட் லீற்றருக்கு 0.15 மில்லிகிராம் ஏறும். ஒரு நாள் தீனியிலேயே அவ்வளவு. முருகைக்கல் வாழும் திறந்த கடலில் இருப்பதைப்போல அது பல மடங்கு. இந்த மிச்சத்தைப் பிடிக்கத்தான் இரும்பு ஒட்சைட்டுக் குருணையைப் பையில் கட்டி நீரோட்டத்தில் வைக்கிறார்கள். துருவைப் போன்ற அந்தப் பொருள் பொஸ்பேட்டைத் தன்மேல் ஒட்டவைத்துக்கொள்ளும். அதை ஒரேயடியாக நிறையப் போட்டுவிடக் கூடாது. பொஸ்பேட் திடீரென்று வற்றினால் முதலில் வாடுவது முருகைக்கல், பாசி அல்ல.

தொட்டி வளர்ப்பவர்கள் இந்தக் கணக்கைத் தலைமுறை தலைமுறையாக வெவ்வேறு விதமாகப் போட்டிருக்கிறார்கள். ஜகார்த்தாவில் லீ சின் எங் என்பவர் கடலிலிருந்து எடுத்த உயிருள்ள கல்லையும் காற்றுக் குமிழியையும் மட்டும் வைத்துத் தொட்டி நடத்தியதை 1961இல் எழுதினார். வடிகட்டியே இல்லாமல் கடல் தன்னைத்தானே துப்புரவு செய்வதை வீட்டுக்குள் காட்டிய முன்னோடி அவர். பின்னர் ஜெர்மனியில் பெர்லின் முறை வந்தது: உயிருள்ள கல்லோடு வலுவான நுரைபிரிப்பானும் சேர்ந்தது. கழிவு அழுகி நைட்ரேட்டாகும் முன்பே அதை நுரையில் ஏற்றி வெளியேற்றுவது அதன் நோக்கம். அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் வால்டர் ஏடி இதற்கு நேர்மாறாகச் சிந்தித்தார். பாசி வருவதைத் தடுக்க முடியாது, ஆகவே அதற்கென்று தனியாக ஓரிடம் கொடுத்துவிடுவோம் என்றார். தொட்டிக்கு வெளியே ஒரு வலைத்தட்டு, அதன் மேல் கடுமையான வெளிச்சம், அலை அடிப்பது போல வந்து விழும் தண்ணீர். பாசி அங்கே வளரும்; வாரம் ஒருமுறை சுரண்டி எறிந்தால் தொட்டிக்குள் வளர அதற்கு உணவிருக்காது. 1980களில் அவர் இந்த முறையில் அருங்காட்சியகத்துக்குள் முருகைக்கல் பாறையையே நடத்திக் காட்டினார்.

இன்று பரவலாக இருக்கும் பழக்கம் இவற்றின் கலவை. தொட்டிக்குக் கீழே இரண்டாவது தொட்டியில் கீட்டோமோர்ஃபா உருண்டையைப் போட்டு, இரவில் விளக்கு எரியவிடுகிறார்கள். மேல்தொட்டியில் இருட்டு, கீழ்த்தொட்டியில் வெளிச்சம் என்று மாற்றி வைப்பதால் இரவில் தண்ணீரின் புளிப்பு ஏறுவதும் குறைகிறது. கீட்டோமோர்ஃபா எதையும் பற்றிப் பிடிக்காது. கைவிட்டு அள்ளினால் ஈரத் தும்புக்கற்றை போல முழுசாக வரும். பிழிந்தால் தண்ணீர் ஓடும், உள்ளேயிருந்து அரிசி அளவு இறால்குஞ்சு போன்ற பூச்சிகள் துள்ளும். அவற்றைத் தொட்டியிலேயே உதறிவிட்டு, பாதிப் பாசியை எடுத்துச் சமையலறைத் தராசில் வைத்துப் பாருங்கள். வாராவாரம் அந்த எடையை ஒரு கொப்பியில் எழுதினால், தண்ணீர்ச் சோதனைக் குப்பிகள் சொல்லாத செய்தியை அது சொல்லும். எடை கூடுகிறதென்றால் தீனி கூடுகிறது என்று பொருள். இந்த முறைகள் எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது இதுதான்; செலவு குறைவு, எந்த உயிரையும் கடலிலிருந்து பிடிக்கத் தேவையில்லை.

இனி பாசியைத் தின்னும் வாய்களுக்கு வருவோம். கடையில் போய்ப் பாசி என்று சொன்னால் முதலில் கிடைக்கும் ஆலோசனை, பாசி தின்னும் மீனை வாங்கு என்பது. அந்த மீன் எங்கிருந்து வருகிறது?

வாகரையில் கடல் ஏறத்தாழச் சித்திரை முதல் புரட்டாதி வரை அமைதி. தென்மேற்குக் கச்சான் காற்று வீசும் அந்த மாதங்களில் மேற்குக் கரையும் தெற்குக் கரையும் கொந்தளிக்கும். அப்போது அலங்கார மீன் பிடிக்கும் சுழியோடிகள் கிழக்குக்கு வருவார்கள். வாடை தொடங்கியதும் தொழில் மறுபடி மேற்குக்கும் தெற்குக்கும் போகும். பனிச்சங்கேணி, சல்லித்தீவு, காயாங்கேணி என்று இந்தக் கரையில் முருகைக்கல் பாறைகள் கரையிலிருந்து அதிக தூரமில்லை. இலங்கையில் இந்தத் தொழிலுக்கு நீண்ட வரலாறு உண்டு. தெகிவளை மிருகக்காட்சிசாலையில் வேலை பார்த்தவரும் ஆர்தர் சி. கிளார்க்கின் சுழியோடி நண்பருமான ரொட்னி ஜொன்கிளாஸ் அதன் முன்னோடிகளில் ஒருவர். உலகம் முழுவதும் ஆண்டுக்கு இரண்டு கோடிக்கு மேற்பட்ட கடல் அலங்கார மீன்கள் கைமாறுவதாக ஐக்கிய நாடுகள் சூழல் திட்டத்தின் 2003ஆம் ஆண்டு அறிக்கை மதிப்பிட்டது. நன்னீர் அலங்கார மீன்களில் பெரும்பாலானவை பண்ணையில் பிறந்தவை. கடல் மீன்களிலோ பெரும்பாலானவை கடலிலேயே பிடிக்கப்பட்டவை.

வெளிநாட்டுக் கடைகளில் பௌடர் புளூ டாங் என்று விற்கப்படும் மீனைப் பாருங்கள். வெளிர்நீல உடம்பு, கறுத்த முகம், வெண் தொண்டை, முதுகில் மஞ்சள் துடுப்பு. வாலடியில் கத்தி போல ஒரு முள். இந்துசமுத்திரத்து மீன், இலங்கைக் கடல்களில் உண்டு. அதன் சின்ன வாய் பாறையின் மேல் நாள் முழுக்கக் கொத்திக்கொண்டே இருக்கும், ஒரு நிமிடம் சும்மா இராது. வளர்ந்தால் ஒரு முழத்தில் பாதி வரும். அதை மூன்றடித் தொட்டியில் விட்டால் கண்ணாடியோரம் ஓடி ஓடியே இளைத்துப்போகும், வெள்ளைப்புள்ளி நோய் அதற்குச் சீக்கிரம் பிடிக்கும். பாசியைத் தின்ன வாங்கியவர்கள் பாசி தீர்ந்த பிறகு அதற்குத் தீனி போட வேண்டும். அந்தத் தீனி மறுபடி பாசியாகும். ஓராவும் அப்படித்தான். நரிமுகம் போல் நீண்ட மூக்குள்ள மஞ்சள் ஓராவைத் தொட்டிக்காரர்கள் விரும்பி வாங்குகிறார்கள். பிரயோப்சிஸையும் வலோனியாவையும்கூடத் தின்னும் என்று பெயர் எடுத்தது. ஆனால் தொட்டிக்குள் கைவிடும்போது ஓரா முள் குத்தினால் படும் கடுப்பு எங்கள் மீனவர்களைக் கேட்டால் தெரியும்; சுடுதண்ணீரில் கையை வைத்துக்கொண்டு பல்லைக் கடிக்க வேண்டும்.

சுழியோடிகளை நான் குறை சொல்லவில்லை. 2004 ஆழிப்பேரலையிலும் 2006, 2007 இடப்பெயர்விலும் தோணியும் வலையும் இழந்து திரும்பிய குடும்பங்கள் வாகரையில் ஏராளம். கையில் கிடைத்த தொழிலைச் செய்து பிழைத்த கரை இது. கடற்றொழில் மற்றும் நீரியல் வளங்கள் சட்டத்தின் கீழ் ஏற்றுமதிக்குத் தடை செய்யப்பட்ட இனங்களும் கட்டுப்படுத்தப்பட்ட இனங்களும் உண்டு. உயிருள்ள முருகைக்கல்லை உடைத்தெடுக்க அனுமதி இல்லை. காயாங்கேணிப் பாறை 2019இல் கடல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. என் கேள்வி வாங்குபவரிடம். உங்கள் வரவேற்பறைத் தொட்டியில் தீனி கூடிப்போனதைச் சரிசெய்ய, எங்கள் பாறையில் மேய்ந்துகொண்டிருந்த வாயை ஏன் எடுக்கிறீர்கள்? அந்த வாய் போனால் எங்கள் பாறையில் பாசியைத் தின்ன யார் இருக்கிறார்கள்?

வாய் இல்லாத பாறை என்னவாகும் என்பதை ஜமெய்க்கா காட்டிவிட்டது. அங்கே அளவுமீறிய மீன்பிடியால் பாசி தின்னும் மீன்கள் ஏற்கெனவே குறைந்திருந்தன. நீண்ட கறுப்பு முட்கள் கொண்ட கடல் முள்ளெலிகள்தான் பாசியைத் தின்று பாறையைக் காத்துவந்தன. 1983இல் ஒரு கொள்ளைநோய் அந்த முள்ளெலிகளைக் கரீபியன் கடல் முழுவதும் வாரிக்கொண்டு போனது. 1977இல் பாறையின் 52 வீதம் உயிருள்ள முருகைக்கல்லாகவும் 4 வீதம் பாசியாகவும் இருந்தது. 1990களின் தொடக்கத்தில் முருகைக்கல் 3 வீதம், பாசி 92 வீதம் என்று ஆய்வாளர் டெரி ஹியூஸ் 1994இல் எழுதினார். சூறாவளியும் அழிவுக்குத் துணைபோனது உண்மை. ஆனால் சூறாவளிக்குப் பின் முருகைக்கல் மீண்டு வர முடியாமல் செய்தது பாசி. 1998இல் கடல் சூடாகி இலங்கையின் பல பாறைகள் வெளுத்துச் செத்தபோது, செத்த கல்லின் மேல் பாசி ஏறியதை எங்கள் நாட்டு ஆய்வாளர்களும் பார்த்தார்கள். தென்கரையின் ஆழமில்லாத பாறைகளில் ஹலிமெடா உயிருள்ள முருகைக்கல்லின் மேலும் படர்ந்தது. கடலின் கணக்கும் தொட்டியின் கணக்கும் ஒன்றே: உணவு கூடினாலும் சரி, வாய் குறைந்தாலும் சரி, மீதி பாசியாகும்.

வாய்களை வளர்க்க முடியாதா? முடியும் என்பதற்கு ஹவாயின் கனியோஹே குடா சாட்சி. அங்கே 1970களில் பயிரிடும் சோதனைக்காகக் கொண்டுவந்த அயல்நாட்டுப் பாசி முருகைக்கல்லின் மேல் மெத்தை விரித்துவிட்டது. முதலில் பெரிய உறிஞ்சுகுழாய் பூட்டிய மிதவையிலிருந்து சுழியோடிகள் பாசியைக் கையால் பிய்த்து உறிஞ்சியெடுத்தார்கள். அதன்பின் பொரிப்பகத்தில் வளர்த்த உள்நாட்டுக் கடல் முள்ளெலிக் குஞ்சுகளை 2011 தொடங்கி இலட்சக்கணக்கில் பாறையில் விட்டார்கள். முதலில் கை, பிறகு வாய். அந்த ஒழுங்கு தொட்டிக்கும் அப்படியே பொருந்தும். கடலட்டைக் குஞ்சு பொரிக்கத் தெரிந்த நாட்டில், பாசி தின்னும் நத்தையும் முள்ளெலியும் பொரித்து விற்பது எட்டாத கனவல்ல. மட்டக்களப்பில் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது, வாகரையில் கடல் அறிந்த இளைஞர்கள் இருக்கிறார்கள். பாறையைத் தொடாமல் அதே வருமானம் வரும் வழி ஒன்று திறக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

அதுவரை கைதான் முதல் கருவி. ஒவ்வொரு பாசிக்கும் ஒவ்வொரு கைப்பழக்கம் வேண்டும். மயிர்ப்பாசியைப் பல்துலக்கியில் சுற்றி இழுத்தால் கொத்தாக வரும். கல்லை வெளியே எடுத்து வாளியில் வைத்துச் செய்தால் துகள் தொட்டியில் பரவாது. வலோனியாவைக் கிள்ளி உடைக்கக் கூடாது. முதிர்ந்த குமிழ் உடைந்தால் உள்ளிருக்கும் வித்துகள் தண்ணீரில் கலக்கும் என்பது வளர்ப்பவர்களின் அனுபவம். மெல்லிய குழாயின் வாயை அருகில் வைத்துக்கொண்டு நகத்தால் அடியை நெம்பினால் குமிழ் முழுசாகக் குழாய்க்குள் போகும். டிக்டியோட்டா பிய்ந்த துண்டிலிருந்தெல்லாம் முளைக்கும். ஆகவே எல்லாப் பம்புகளையும் நிறுத்திவிட்டு, பிய்த்ததை உடனே உறிஞ்சி எடுக்க வேண்டும். ஹலிமெடா நல்ல பிள்ளை. சுண்ணாம்பைத் தின்று மெதுவாக வளரும், அடியோடு கழன்று வரும். சொல்லப்போனால் அதைத் தொட்டியில் வைத்திருப்பதில் தவறே இல்லை.

கோலெர்பாவைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். மீற்றர்க் கணக்கில் ஓடும் அந்தக் கொடி முழுவதும் ஒரே உயிரணு. உள்ளே சுவர்களே இல்லை. அதனால்தான் விரற்கடைத் துண்டு போதும், அது புதுக்கொடியாகிவிடும். சில வேளைகளில் அது தன் உடம்பு முழுவதையும் இனப்பெருக்கத்துக்குச் செலவழித்துவிடும். இரவு பச்சையாகப் பார்த்தது காலையில் வெறும் வெள்ளைத் தோலாக நிற்கும், தண்ணீர் பால் கலந்தது போலாகும், சேர்த்து வைத்த சத்தெல்லாம் தொட்டியில் கொட்டிவிடும். கீழ்த்தொட்டியில் கோலெர்பா வளர்ப்பவர்கள் அடிக்கடி அறுத்து இளமையாகவே வைத்திருப்பது இதனால்தான். அறுக்கும்போதும் கொடியை நடுவில் கிள்ளாமல், பிடித்திருக்கும் இடத்திலிருந்து முழுக்கொடியாக உருவி எடுப்பது நல்லது.

மருந்துகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். மனிதருக்குப் பூஞ்சைத் தொற்றுக்குக் கொடுக்கும் ஃபுளுகொனசோல் பிரயோப்சிஸை வாடவைக்கிறது என்று பலர் பயன்படுத்துகிறார்கள். 3 வீத ஹைட்ரஜன் பெரொக்சைட்டைக் கல்லை வெளியே எடுத்துத் தடவுகிறார்கள். எந்தக் கையாலும் அகற்ற முடியாத இடுக்கில் வேர்விட்டது போல நிற்கும் பிரயோப்சிஸுக்கு இவற்றை நான் மறுக்கமாட்டேன். ஆனால் முதலில் கையால் முக்கால்வாசியை எடுத்த பிறகு, மிச்சத்துக்குத்தான் மருந்து. என் தொட்டியில் நான் செய்தது தலைகீழ்.

எடுத்த பாசியை எங்கே போடுவது என்பது எவரும் யோசிக்காத கேள்வி; வாகரை போன்ற ஊரில் அதுவே பெரிய கேள்வி. கோலெர்பா டக்ஸிஃபோலியா என்ற இனத்தை ஸ்டுட்கார்ட் மிருகக்காட்சிசாலை தொட்டி அழகுக்காக வளர்த்தது. குளிரையும் தாங்கும்படி தேறிய அந்தக் கொடி மொனாக்கோ கடல் அருங்காட்சியகத்துக்கு வந்தது. 1984இல் அந்தக் கட்டடத்தின் சன்னலுக்குக் கீழே கடலில் ஒரு சதுர மீற்றர் அளவுக்குத் தெரிந்தது. நீஸ் பல்கலைக்கழகத்தின் அலெக்ஸாண்டர் மெனேஸ் அபாயமணி அடித்துக்கொண்டே இருந்தார், கேட்பார் இல்லை. 2000க்குள் மத்தியதரைக் கடலில் அது ஆயிரக்கணக்கான ஹெக்டயரில் பரவியிருந்தது. அதே ஆண்டு கலிபோர்னியாவின் அகுவா ஹெடியொண்டா களப்பில் அதே கொடி தென்பட்டது. அங்கே அவர்கள் தாமதிக்கவில்லை. கறுப்புத் தார்ப்பாயால் மூடி, உள்ளே குளோரினை விட்டு, 2006இல் முற்றாக ஒழிந்ததாக அறிவித்தார்கள்; செலவு 70 இலட்சம் டொலருக்கு மேல். ஒரு தொட்டிக்காரர் வடிகானில் ஊற்றிய ஒரு வாளித் தண்ணீரே அதற்குக் காரணமாயிருக்கும் என்று கருதப்படுகிறது.

நமக்கு இன்னும் அருகில் நடந்தது குருசடைத் தீவில். மண்டபத்தில் வருமானப் பயிராக வளர்த்த கப்பாபைகஸ் என்ற அயல்நாட்டுப் பாசி மன்னார் வளைகுடாத் தீவுகளின் முருகைக்கல்லின் மேல் ஏறிவிட்டதை 2008இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். பிறகு ஆட்களை இறக்கிக் கையால் பிய்த்தெடுத்தார்கள். எடுக்க எடுக்க வந்தது. அதே பாசி இன்று இலங்கையின் வடகரையில் மிதவைகளில் பயிராகிறது. நம் வாவிகளில் ஆற்றுவாழை பூத்துக் குலுங்குவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு, வெளியிலிருந்து வந்த அழகு எதுவரை போகும் என்று எவரும் கற்பிக்கத் தேவையில்லை.

வாகரையில் எந்த வடிகானும் கடைசியில் வாவிக்குத்தான் போகிறது. வாவி மாரியில் முகத்துவாரம் வழியாகக் கடலோடு கலக்கிறது. கடையில் வாங்கிய கல்லோடு எந்த நாட்டுப் பாசி ஒட்டி வந்தது என்று நமக்குத் தெரியாது. ஆகவே அறுத்த பாசியையும் அதைக் கழுவிய தண்ணீரையும் கிணற்றடியிலோ வாய்க்காலிலோ ஊற்றக் கூடாது. ஒரு வாளி நல்ல தண்ணீரில் ஓரிரவு ஊறவைத்தால் உப்பும் போகும், பாசியும் வெளுத்துச் சாகும். அந்தத் தண்ணீரை வெயில் படும் மணலில் ஊற்றிக் காயவிடலாம். பாசியைச் சாக்கில் பரப்பி மொரமொரப்பாக உலர்த்தி, தேசிமரத்தடியில் ஒரு சாண் ஆழத்தில் புதைத்து மண் மூடினால் போதும். என் வீட்டில் போன மாசிக்கும் இந்த மாசிக்கும் இடையில் அப்படிப் புதைத்தது, கொப்பியில் எழுதிய கணக்கின்படி, ஈரத்தில் நாலு கிலோவும் கொஞ்சமும்.